வெளிநாட்டில் மானுடப் புவியியல் முதுகலை: வாசகர் கேள்வி – பதில்

உயர்கல்வி குறித்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கணினித் துறையையும் மருத்துவத்தையும் பற்றியவை. இந்த இதழில் மானுடப் புவியியல் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர், நகரம், நிலம், எல்லை, இடப்பெயர்வு ஆகியவற்றை மனிதர்களின் வாழ்க்கையோடு சேர்த்து ஆராயும் இத்துறைக்கு நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கேள்வி: தஞ்சாவூரில் பி.எஸ்சி. புவியியல் முடித்திருக்கிறேன். நிலவரைபடவியலும் தொலையுணர்வும் எனக்கு நன்றாக வரும். பிரிட்டனில் மானுடப் புவியியல் முதுகலை படிக்க ஆசை. அங்கே படிப்பு எப்படி இருக்கும்? எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது? – வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் இளநிலையில் படித்த புவியியலும் அங்கே படிக்கப்போகும் புவியியலும் வெகுவாக வேறுபட்டவை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நம் கல்லூரிகளில் புவியியல் ஓர் அறிவியல் பாடம். புவிப்புறவியல், காலநிலையியல், ரெக்கார்டு நோட்டு, செய்முறைத் தேர்வு என்று மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். பிரிட்டனில் மானுடப் புவியியல் ஒரு சமூக அறிவியல்; வாசிப்பதும் விவாதிப்பதும் எழுதுவதும்தான் அங்கே படிப்பு. பட்டத்தின் பெயர் எம்.எஸ்சி. என்றிருந்தாலும் ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பெரும்பாலான படிப்புகள் 12 மாத காலமும் 180 கிரெடிட்டும் கொண்டவை. அதில் 120 கிரெடிட் வகுப்புகளுக்கும் கட்டுரைகளுக்கும் உரியது. மிச்சம் 60 கிரெடிட், கோடையில் நீங்கள் தனியாகச் செய்து முடிக்க வேண்டிய ஆய்வேடு. வகுப்பு நேரம் குறைவாக இருப்பதைப் பார்த்து ஓய்வு நிறைய கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கருத்தரங்க வகுப்புக்கும் முன்னதாக மூன்று நான்கு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட அறையில் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டொரீன் மாஸி என்ற புவியியலாளர், லண்டனில் தாம் வாழ்ந்த பகுதியின் கில்பர்ன் ஹை ரோடு என்ற கடைத்தெருவை வைத்து 1991-ல் எழுதிய கட்டுரை பல புவியியல் துறைகளில் பாடமாக இருக்கிறது. ஓர் இடத்தின் தன்மை அதன் எல்லைக்குள் அடங்கியிருப்பதில்லை, அங்கிருந்து உலகெங்கும் போகிற, அங்கே வந்து சேர்கிற தொடர்புகளால் உருவாகிறது என்பது அவருடைய வாதம். கூடவே, அந்தத் தொடர்புகளின் மீது எல்லோருக்கும் ஒரே அளவு அதிகாரம் இல்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். இதை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனால், கட்டுரையின் சுருக்கத்தை ஒப்பிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு இந்த வாதம் பொருந்துமா, பொருந்தாவிட்டால் பிழை வாதத்திலா, நீங்கள் பார்க்கும் விதத்திலா என்று கேட்பார்கள். கீழவாசல் கடைத்தெருவை மனத்தில் வைத்து நீங்கள் சொல்லும் பதில், லண்டனிலேயே பிறந்து வளர்ந்த மாணவரின் பதிலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததாக இருக்காது. தயங்காமல் பேசுங்கள்.

மதிப்பெண் பற்றியும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே 50 எடுத்தால் தேர்ச்சி, 60 எடுத்தால் நல்ல தரம், 70 எடுத்தால் மிக உயர்ந்த தரம். இங்கே எண்பதும் தொண்ணூறும் வாங்கிய பிள்ளைகள் முதல் கட்டுரைக்கு 58 வந்ததும் இடிந்துபோகிறார்கள். அது தோல்வி அல்ல. கருத்துரையை ஊன்றிப் படித்து அடுத்த கட்டுரையைத் திருத்தமாக எழுதினால் போதும்.

எது சிறந்தது என்ற கேள்விக்குத் தரவரிசைப் பட்டியலில் விடை கிடையாது. எல்லை, அரசியல் புவியியல் என்றால் டர்ஹாம். 1928 முதல் புவியியல் துறை இயங்கும் அங்கே நாட்டெல்லைகளை ஆராய்வதற்கென்றே தனி மையம் இருக்கிறது. பண்பாட்டுப் புவியியலும் புவிசார் அரசியலும் என்றால் ராயல் ஹாலவே, கோட்பாட்டில் நாட்டம் இருந்தால் பிரிஸ்டல், பொருளாதாரப் புவியியல் என்றால் லண்டன் பொருளாதாரப் பள்ளி, சுற்றுச்சூழல் ஆளுகை என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. நீங்கள் எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறீர்களோ, அதைப் பற்றிய அண்மைக் கட்டுரைகளில் உங்களைக் கவர்ந்த மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எழுதியவர்கள் எந்தத் துறையில் கற்பிக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் அந்த ஆண்டில் விடுப்பில் போகிறார்களா என்பதையும் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ஒரே ஆண்டுப் படிப்பு என்பதால், நீங்கள் நம்பிப் போகும் பேராசிரியர் அந்த ஆண்டு ஊரில் இல்லாவிட்டால் இழப்பு பெரிது.

கையில் இருக்கும் வரைபடத் திறமையைக் கைவிட வேண்டாம். உங்களோடு படிக்கப்போகிறவர்களில் பலர் வரலாறு, மானுடவியல், இலக்கியம் படித்துவிட்டு வருவார்கள், க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் ஒழுங்கான வரைபடம் ஒன்று போடத் தெரிந்தவர்கள் அவர்களில் குறைவு.

கேள்வி: நான் படித்தது பி.ஏ. பொருளாதாரம். புவியியல் படிக்காத எனக்கு இடம் கிடைக்குமா? – வாசகர், சேலம்

கிடைக்கும். பிரிட்டிஷ் துறைகள் பெரும்பாலும் எந்தச் சமூக அறிவியல் பட்டத்தையும், வரலாறு, இலக்கியம் போன்ற கலைத்துறைப் பட்டத்தையும் ஏற்கின்றன; மூன்றாண்டு இந்திய இளநிலையும் அங்கே செல்லும். பெரும்பாலும் முதல் வகுப்பு, அதாவது 60 விழுக்காடு அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். ஜெர்மனியில் நிலைமை வேறு. இளநிலையில் புவியியல் பாடங்கள் இத்தனை இருந்தாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் துறைகள் அங்கே உண்டு என்பதால், ஒவ்வொரு படிப்பின் சேர்க்கை விதியையும் தனித்தனியே வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: சென்னை பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் உள்ள பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கிறேன். விண்ணப்பத்துக்கான நோக்க அறிக்கையை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். 'சிறு வயது முதலே வரைபடங்களின் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கும்படி கன்சல்டன்சியில் சொன்னார்கள். சரியா? – வாசகி, சென்னை

சரியில்லை. அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதே தொடக்கத்தைத் தேர்வுக் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ விண்ணப்பங்களில் வாசிக்கிறார்கள். அதில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை.

உங்கள் அறிக்கையின் மூன்றாவது பத்தியில் இருப்பதுதான் தங்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நதிக்கரைகளில் இருந்த குடும்பங்கள், வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி, நகரத்தின் தெற்கு விளிம்பில் உள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டதையும், அந்தப் பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி என்பதையும் அங்கே அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். அடுத்து, நகரத்துக்குள் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இந்த இடமாற்றம் என்ன செய்தது என்ற கேள்விக்கு வாருங்கள். விடியற்காலையில் எந்தப் பேருந்தைப் பிடிக்கிறார், எத்தனை வீடுகளில் வேலை செய்கிறார், பள்ளி விடும் நேரத்துக்குள் திரும்ப முடிகிறதா, முடியாவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற விவரங்கள்தான் உங்கள் ஆய்வின் அடித்தளம்.

இப்படி ஒருவருடைய ஒரு நாளை இடமும் நேரமும் சேர்ந்த ஒரே பாதையாகப் பார்ப்பதற்கு இத்துறையில் ஒரு மரபே இருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-ஐ ஒட்டி வளர்த்தெடுத்த காலப் புவியியல் என்ற அணுகுமுறை அது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் பெண்களின் நாள் எப்படி நெருக்கப்படுகிறது என்பதைக் காட்டப் பெண்ணியப் புவியியலாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ஆளை ஒரு கோடாகச் சுருக்கிவிடுகிறது என்று அதை விமர்சித்தவர்களும் அவர்களே. இந்த மரபில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதினால், வாசிக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். அதற்குப் பிறகு, விண்ணப்பிக்கும் துறையில் யாருடைய ஆய்வு உங்களுக்கு உதவும் என்பதை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம்.

கன்சல்டன்சி பற்றி ஒரு வார்த்தை. மாணவர்களைச் சேர்த்துவிடுவதற்காகப் பல்கலைக்கழகங்களிடம் கமிஷன் பெறும் நிறுவனங்கள் ஏராளம். எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். விசா படிவம் நிரப்புவதற்கு அவர்கள் உதவியைப் பெறலாம்; எதைப் படிப்பது என்ற முடிவை அவர்களிடம் விடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றேன். போருக்குப் பின்னரான மீள்குடியேற்றத்தையும் காணி உரிமையையும் வெளிநாட்டில் முதுமாணி ஆய்வாகச் செய்ய விரும்புகிறேன். சொந்த ஊரில் களஆய்வு செய்ய விடுவார்களா? – வாசகர், யாழ்ப்பாணம்

விடுவார்கள், ஆனால் அதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தப் படிவத்தை வெறும் சம்பிரதாயமாக நினைத்து நிரப்பிவிடாதீர்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் பேசப்போகிறீர்கள், ஒப்புதலை எப்படிப் பெறுவீர்கள், கையெழுத்திட அஞ்சுகிறவரிடம் வாய்மொழி ஒப்புதலை எப்படிப் பதிவு செய்வீர்கள், ஒலிப்பதிவு எங்கே இருக்கும், அதை எப்போது அழிப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். காணி இழந்த ஒருவர் உங்களிடம் மனம் திறந்து பேசுகிறார் என்றால், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அவர் அந்த ஊரில்தான் இருக்கப்போகிறார். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய ஊரில் 'கோயிலுக்குப் பக்கத்துக் காணிக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன்' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கிராமத்தின் பெயரை விட்டுவிடுவது, இரண்டு மூன்று பேரின் விவரங்களை ஒன்றாக்கிச் சொல்வது, காணியின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறிக்காமல் இருப்பது ஆகியவற்றை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வரைபடம் போடுவது நம் துறையின் பழக்கம்தான் என்றாலும், போடாமல் இருப்பதே சரியான சந்தர்ப்பங்களும் உண்டு.

சொந்த ஊர் என்பதாலேயே உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் ஆகாது. உங்கள் குடும்பம், சாதி, காணி, நீங்கள் இடம்பெயர்ந்தீர்களா இல்லையா என்பவை எல்லாம், எதிரில் இருப்பவர் உங்களிடம் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பதைத் தீர்மானிக்கும். இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதும்படி கேட்பார்கள், நேர்மையாக எழுதுங்கள். களஆய்வுக்குக் கோடையில் கிடைக்கும் காலம் சில வாரங்கள்தான் என்பதால், நெறிமுறை விண்ணப்பத்தைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடுவது நல்லது. புலமைப்பரிசில்களில், காமன்வெல்த் பகிர்வுத் திட்டத்துக்கும் பிரிட்டிஷ் அரசின் செவனிங்குக்கும் இலங்கையர்கள் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியில் நிலமும் சாதியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை ஆராய வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இதற்குக் கிடைக்குமா? – வாசகர், விழுப்புரம்

உங்களுக்கு வருத்தம் தரும் பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வுகள் ஆகியவற்றுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்று 2022-ல் வந்த வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டார்கள். தன் ஊரின் நிலத்தைப் பற்றித் தானே ஆராய விரும்பும் மாணவரை, அதற்கு யாரைவிடவும் தகுதியுள்ளவரை, இந்த விதி வெளியே நிறுத்துகிறது. இது அநியாயம் என்றே கருதுகிறேன். விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை வரிக்கு வரி வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேறு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டனின் சோவாஸ் ஆகிய பல்கலைக்கழகங்களில் படிக்க இந்திய மாணவர்களுக்கென்று ஃபீலிக்ஸ் உதவித்தொகை இருக்கிறது. செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு கிராமத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய கிராமக் கணக்கெடுப்பில் அது இடம்பெற்றது. அதன் பிறகு 2008 வரை ஆய்வாளர்கள் பல முறை அதே கிராமத்துக்குத் திரும்பிச் சென்று நிலமும் கூலியும் எப்படி மாறின என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுத் தரவு உங்கள் வாசலில் கிடக்கிறது; எந்த நாட்டுத் துறைக்கு எழுதினாலும் அதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: மகள் லண்டனில் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கலாமா? படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? – ஒரு தந்தை, விருதுநகர்

ஐயா, முதலில் கணக்கைப் பார்ப்போம். கல்விக் கட்டணம் பெரும்பாலும் 20,000 முதல் 35,000 பவுண்டு வரை. நடுவாக 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு வெளியே ஓர் ஆண்டு தங்கவும் சாப்பிடவும் ஏறத்தாழ 14,000 பவுண்டு ஆகும். லண்டன் என்றால் இன்னும் சில ஆயிரம் கூடும். பவுண்டுக்கு 115 ரூபாய் என்று கொண்டால், லண்டனுக்கு வெளியிலேயே 45 லட்சத்தை நெருங்கிவிடுகிறது. விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 776 பவுண்டு என்ற விகிதத்தில் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணமும் தனி. படிக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த வருமானம் கைச்செலவுக்கு உதவும். அதை நம்பிக் கட்டணத்தைத் திட்டமிட முடியாது.

வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். மானுடப் புவியியல் படித்தவர்கள் நகரத் திட்டமிடல் ஆலோசனை நிறுவனங்கள், போக்குவரத்துத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், ஜி.ஐ.எஸ். எனும் புவித் தகவல் நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை பார்க்கிறார்கள். இவற்றில் எதிலும் தொடக்கச் சம்பளம் 45 லட்சக் கடனைச் சில ஆண்டுகளில் அடைக்கும் அளவுக்கு இருப்பது அரிது. படிப்புக்குப் பிறகு பிரிட்டனில் வேலை தேடத் தரும் இரண்டாண்டுக் கால அவகாசமும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. ஆகவே, உதவித்தொகை ஏதும் இல்லாமல் முழுத் தொகையையும் கடனாக வாங்கி, அதற்காக இருக்கும் ஒரே வீட்டை ஈடு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் மகளின் ஆசையை அதோடு மூடிவிடாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை; ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். அது உங்கள் மகளின் செலவுக்கே மாதாமாதம் திரும்பக் கிடைக்கும் பணம். யூரோவை 100 ரூபாய் என்று கொண்டால் இரண்டாண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 24 லட்சம் ஆகிறது. இந்திய மாணவர்கள், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழையும் பெற வேண்டும். அதற்கு அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். பான் பல்கலைக்கழகம் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சுற்றுச்சூழல் இடர்களும் மனிதப் பாதுகாப்பும் பற்றிய புவியியல் முதுகலையை ஆங்கிலத்திலேயே நடத்துகிறது. பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் புவியியல் முதுகலை உண்டு. ஸ்வீடன் 2011 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. நெதர்லாந்தும் மலிவு இல்லை.

மகள் திரும்பி வந்து கல்லூரி ஆசிரியர் ஆக விரும்பினால் இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை ஏற்பது குறித்து இரு நாடுகளுக்கும் இடையே 2022 ஜூலையில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று பெறுவதற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் வெளியிட்டது. முனைவர் பட்டம் இல்லாவிட்டால், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வைப் புவியியலில் எழுதத்தான் வேண்டும். அதில் இயற்கைப் புவியியலும் வரும் என்பதால் இளநிலைப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. குடும்பத்தோடு போக முடியுமா? – வாசகி, கோயம்புத்தூர்

பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, முனைவர் பட்டமோ ஆய்வு வழி முதுநிலையோ படிப்பவர்கள் மட்டுமே துணையையும் குழந்தையையும் அழைத்துச் செல்லலாம். அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. வகுப்பு வழி முதுகலைக்கு அந்த அனுமதி இல்லை. எம்.ரெஸ். (ஆய்வு முதுகலை) என்ற பெயரில் வரும் படிப்புகள் எல்லாமே ஆய்வுப் படிப்பாகக் கணக்கில் வருவதில்லை என்பதால், உங்கள் படிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பல்கலைக்கழக விசா அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையைப் பிரிந்து இருக்க முடியாது என்றால் ஜெர்மனியையோ ஸ்வீடனையோ பாருங்கள். குடும்பத்தைப் பராமரிக்கப் போதிய பணம் இருப்பதைக் காட்டினால் அங்கே குடும்பத்துக்கும் அனுமதி கேட்க முடியும்.